கதவைப் பூட்டிக்கொண்டு குடித்த மத்தியானங்கள்

போன கிழமை கனடாவிலிருந்து அக்காவின் மகன் வந்திருந்தான். வந்த மறுநாளே, "மாமா, இஞ்ச பப் க்ரோல் போகலாமா?" என்று கேட்டான். பயப்படாதீர்கள், கெட்ட பிள்ளை இல்லை. அங்கே கூட்டாளிமார் சேர்ந்து ஒரே மூச்சில் நாலைந்து பார் ஏறி இறங்குவார்களாம், ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ் குடிப்பார்களாம், அதற்குத்தான் அந்தப் பெயராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவன் அரைக் காற்சட்டையோடு திரிந்த காலத்தில் நாங்கள் அதைத்தான் மாதாமாதம் செய்துகொண்டிருந்தோம். அதற்கு ஒரு மரியாதையான பெயர் இருக்கிறதென்றுதான் தெரியாமல் போயிற்று.

நிலாவெளியில் புதிதாக வந்திருக்கும் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒரு நீளப் பலகையில் நாலு சின்னக் கிளாஸ் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒன்றில் மாம்பழ வாசனை, ஒன்றில் தேசிக்காய்த் தோல். மற்றது என்னவென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. கடைசி, கருகருவென்று கோப்பி மாதிரி. "இதெல்லாம் சின்னச் சின்ன ஆக்கள் கையால வடிக்கிற பீர், மாமா" என்றான். "மற்றதெல்லாம் காலாலயோ வடிக்கிறவங்கள்?" என்று கேட்டேன். பாவம், சிரித்து வைத்தான்.

அந்தக் கறுப்புக் கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். தீய்ந்த பாண், ஈரப் பலகை, நாள்பட்ட பீர் ஊறின சீமெந்துத் தரை, எல்லாம் கலந்த ஒரு மணம். அட கடவுளே, இது தகரத்தின் மணமல்லவா! கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு மணி ஆகப்போகிறது. என் காது தன்பாட்டுக்கு வாசல் பக்கம் போய்விட்டது. யாராவது கதவைச் சாத்துகிறார்களா என்று பார்க்கிறேன். ஒருவரும் சாத்தவில்லை. கதவே இல்லை அங்கே, மணலும் கடலும்தான். அப்படியிருந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்ன மாமா, அந்தரப்படுறீங்கள்?" என்றான் மருமகன்.

அவனுக்குச் சொன்ன பாதியைத்தான் உங்களுக்கும் சொல்லலாமென்று இருந்தேன். ஆனால் நீங்கள் கூட்டாளி. மீதியையும் கேளுங்கள்.

அந்த நாளில் பார்களை மத்தியானம் இரண்டு மணிக்குப் பூட்டி, ஐந்து மணிக்குத்தான் திரும்பத் திறக்கவேண்டும். சட்டம். சனம் வேலை நேரத்தில் குடித்துக் கெட்டுப்போகக் கூடாதென்று யாரோ நல்ல மனிதர் எழுதி வைத்தது. எங்கள் ஊர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. கதவைப் பூட்டத்தான் சொல்லியிருக்கிறதே தவிர, ஆட்களை வெளியே விட்டுப் பூட்டச் சொன்னதாக எங்கள் குணம் அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை.

குணம் அண்ணை தகரத்தின் மனேஜர். தகரம் என்பது பாரின் பெயரில்லை. பெயர்ப்பலகையில், கடலைக் காட்டும் பார் என்ற அர்த்தத்தில் ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் எழுதியிருந்தது. துறைமுக வீதியில், நேர் பின்னுக்கு உள்துறைமுகம். கப்பல் சங்கு ஊதினால் மேசையில் கிளாஸ் நடுங்கும். ஆனால் கடலை மட்டும் காண ஏலாது. சண்டைக் காலத்தில் பின்பக்க யன்னல்களுக்கு அடித்த தகரத்தை, சண்டை முடிந்து சில வருசமாகியும் யாரும் கழற்றவில்லை. அதனால் ஊருக்கு அது தகரம்.

இரண்டு அடிக்கச் சரியாகக் குணம் அண்ணை இரட்டைக் கதவைச் சாத்தி, குறுக்குச் சட்டத்தைப் போட்டு, பூட்டுப் போடுவார். உள்ளே இருப்பவர்கள் இருக்கலாம். ஒரு நிபந்தனை, ஐந்து மணிவரை வெளியே போக ஏலாது. சாத்தின பாரிலிருந்து ஒருவன் துள்ளிக்கொண்டு வெளியே வந்தால் மதுவரிச் சோதனைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரித்தானே! கைத்தொலைபேசிகளை வாங்கி, அணைத்து, குசினியில் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மேலே ஒரு துவாயை அமத்திவிடுவார். காற்றாடி கீச்சிடும் என்று அதையும் நிற்பாட்டிவிடுவார். இருமல் வந்தால் குசினிக்குப் போய் இருமவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், வெளியே யார் தட்டினாலும் மூச்சு விடக்கூடாது.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை யாரோ கதவைத் தட்டி, உள்ளே இருந்த ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி, "உங்கட மனிசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டினம்" என்று கத்தினார்களாம். பாவம், அந்த மனிதர் குழறிக்கொண்டு கதவைத் திறக்க, வெளியே சோதனைக்காரர் நின்றார்களாம். மனிசி வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாளாம். அன்றிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குணம் அண்ணை இன்னும் கூடப் பயப்படுவார்.

ஏன் போனீர்கள் அந்த நரகத்துக்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தகரக் கூரை வெக்கை, வேர்வை, சூடேறின பீர், ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தபடி குசுகுசுவென்று கதை. நான்காம் வகுப்பில் முட்டுக்கால் போட்டு நின்றதுகூட அதைவிடச் சுகம். ஆனால் வெளியே வந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது? துறைமுகத்தைச் சுற்றி முழுக்க வேலி. கடலுக்குப் பக்கத்தில் பிறந்து, கடலைக் கம்பிக்குள்ளால் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். பின்னேரம் பஸ் ஸ்ராண்டுக்குப் போய், வந்த பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. உள்ளே பூட்டியிருந்தால் குறைந்தது ஐந்து மணிக்குக் கதவு திறக்கும் என்பதாவது நிச்சயம்.

நான் அப்போது ஒரு கப்பல் ஏஜென்ட் ஒபீஸில் கிளார்க். வருகிற கப்பலுக்குப் போய்க் கடுதாசி வேலை பார்ப்பது, கப்டன் கேட்கிற சாமான்களை லோஞ்ச் என்கிற சின்ன மோட்டார்ப் படகில் அனுப்புவது. சம்பளம் கிடைக்கிற சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் சுற்றுக்கு வெளிக்கிடுவோம். நான், அன்ரன், நிசாம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட நின்றுகொண்டே குடிக்கிற ஒரு கடை. பிறகு மரவள்ளிப் பொரியலுக்குப் பேர்போன ஒரு கடை. காசு மிஞ்சினால் வெள்ளைத் துணி விரித்த மேசையும், மேசைக்கு மேலால் எங்களை மேலும் கீழும் பார்க்கிற வெயிட்டரும் உள்ள ஒரு ஹோட்டல். கடைசியில் தகரம்.

நிசாம் கிண்ணியாவைச் சேர்ந்தவன். முச்சக்கர வண்டி ஓட்டுபவன், எங்கள் ஒபீஸின் ஓட்டங்களெல்லாம் அவனுக்குத்தான். சொட்டுக்கூடத் தொடமாட்டான், பார்ப் படியையும் மிதிக்கமாட்டான். "படிக்கு இஞ்சால நான் உங்கட கூட்டாளி, அங்கால நீங்க ஆரோ நான் ஆரோ" என்பான். நாங்கள் உள்ளே போனால் எதிர்த்த தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து பிளேன்டீ குடிப்பான். கடைக்கு இரண்டு என்று குடித்து, சுற்று முடிகிறபோது எங்கள் எல்லோரையும்விடக் கூடக் குடித்தவன் அவன்தான். எங்களைப் பத்திரமாக வீட்டில் இறக்கிவிட்டு, "அல்லா, இவனுகளுக்கு ஒரு புத்தியக் குடு" என்று எங்களுக்குக் கேட்கத்தக்கதாக வேண்டிக்கொண்டு போவான்.

அன்ரனைப் பற்றித்தான் கதையே. நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. கொழும்புக்குப் போய்க் கப்பலில் வேலை செய்யப் படித்து, மாலுமிப் புத்தகமும் எடுத்து, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிவான். கிழமைக்கு ஒருமுறை என் ஒபீஸ் வாசலில் வந்து நிற்பான். "என்ன மச்சான், ஏதும் கப்பல்?" அவனுக்கு இந்த ஊர் கழுத்தைப் பிடித்தது. குந்தினால் கப்பல், எழும்பினால் கப்பல். தகரத்தில் அவன் சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. குணம் அண்ணை முதல் எல்லோருக்கும் அவன் "கப்பல்". தாய் மனிசி மாதா கோயிலில் கொளுத்தின மெழுகுதிரியை உருக்கினால் ஒரு வீடு கட்டக் காணும்.

கடைசியில் வந்தது. மாவாலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலில் குசினி உதவியாளருக்கு வயிற்றுக்குத்து. ஆளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார்கள். கப்டன் உடனே ஒரு ஆள் கேட்டார். நான் மனேஜரின் காலில் விழாத குறையாக அன்ரனின் பெயரைச் சொன்னேன். இரண்டு நாளில் எல்லாம் சரி வந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு லோஞ்ச், இரவு கப்பல் வெளிக்கிடும். அன்ரனின் பயணப் பை காலையிலேயே நிசாமின் வண்டியில் ஏறிவிட்டது. இது தவறினால் அடுத்தது எப்ப வருமென்று கடவுளுக்கும் தெரியாது. என் மனேஜர் இன்னொருமுறை அந்தப் பெயரைக் காதில் வாங்கவும் மாட்டார். இது எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகத் தெரியும்.

"மச்சான், கடைசியா ஒரு சுற்று போவம்" என்றான் அன்ரன்.

நான் அரைநாள் லீவு போட்டிருந்தேன். பதினொரு மணிக்கே தொடங்கினோம். நல்ல பிள்ளைகளாகத்தான் குடித்தோம், கடைக்கு ஒன்று. வெள்ளைத் துணி ஹோட்டலில் வெயிட்டருக்குக் கைகொடுத்து, "நான் போறன் அண்ணை" என்றான். அந்த மனிதர் எங்களை முதல்முறையாகச் சிரித்துப் பார்த்தார். வெளியே வந்தபோது இரண்டு மணியாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நிசாமோடு போய்த் தேத்தண்ணி குடிப்போமென்று நான் சொன்னேன்.

"இல்லையடா, தகரத்துக்குப் போவம்."

"விசரே உனக்கு? இப்ப போனா உள்ளுக்கு வைச்சுப் பூட்டிப்போடுவார்."

"அஞ்சுக்குத் திறப்பார்தானே. லோஞ்ச் ஆறுக்குத்தானே. வா."

அவன் சொன்னதில் பிழையில்லை. நிசாமிடம் சொல்லிவிட்டுப் போனோம். குணம் அண்ணை பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தொலைபேசிகள் டின்னுக்குள் போயின. கதவு சாத்தப்பட்டது.

உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "கப்பல் கப்பலுக்குப் போறான்" என்று ஒருவர் மெதுவாகச் சொல்ல, எல்லோரும் சத்தமில்லாமல் கைதட்டினார்கள். விரலோடு விரலைத் தட்டிக் கைதட்டுவது தகரத்தில் மட்டும் உள்ள வழக்கம். அன்ரன் வலு சந்தோசமாக இருந்தான். பிறகு வரவரக் கதை குறைந்தது. முன்னால் இருந்த பீர் அப்படியே இருந்து சூடாகிக்கொண்டிருந்தது.

"ஒன்பது மாசம், என்னடா" என்றான்.

"ஓம். முடிய வருவாய்தானே."

"ஏறினா இறங்கேலாது."

"பின்ன, நடுக்கடலில எங்க இறங்கிறது?"

அவன் சிரிக்கவில்லை. கதவைப் பார்த்தான். "இஞ்ச பூட்டினா அஞ்சு மணிக்குத் திறப்பினம் மச்சான்" என்றான்.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பயணம் போகிறவனுக்கு ஒரு அந்தரம் வருவது வழக்கம்தானே என்று கடலையைக் கொறித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மூன்று மணி கடந்திருக்கும். கதவு படபடவென்று அதிர்ந்தது. குணம் அண்ணை ஒரு கையைத் தூக்கினார். எல்லோரும் சிலையாகிவிட்டார்கள்.

"அன்ரன்! டேய் அன்ரன்! நேரம் மாறிட்டுதுடா! இப்பவே போகணும்டா! கதவத் திறங்க!"

நிசாம். எனக்கு அந்தக் குரல் தெரியாதா? பிறகுதான் அறிந்தேன், சரக்கு இறக்குவது நினைத்ததைவிட வேகமாக முடிந்து, கப்பல் நேரத்தோடு வெளிக்கிட முடிவாகி, ஒபீஸில் இருந்து எங்கள் தொலைபேசிகளுக்கு எடுத்து எடுத்துக் களைத்து, கடைசியில் நிசாமைத் துரத்தியிருக்கிறார்கள். தகரத்தில் மற்ற எவருக்கும் அவன் குரல் தெரியாது. ஒருநாளும் படி ஏறாதவனின் குரல் எப்படித் தெரியும்? குணம் அண்ணை எங்கள் பக்கம் குனிந்து, "பாத்தியளே, பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள். பழைய வேலை. ஆரடாப்பா அன்ரன்?" என்று மூச்சால் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் எழும்பினேன். வாயைத் திறக்கமுன் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அன்ரனின் கை. அப்படி ஒரு பிடி நான் அறியேன், நண்டு பிடித்த மாதிரி. என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம். கண் முழுக்கத் தண்ணீர்.

வெளியே நிசாம் கதவைக் காலால் உதைத்தான். "அல்லாவே, உள்ளுக்கு ஆளில்லயா?" என்று கத்தினான். குரல் உடைந்து போயிருந்தது. பிறகு வண்டி இரைந்துகொண்டு போகிற சத்தம் கேட்டது.

நான் கதிரையில் இருந்தேன். அந்தப் பிடி விடவேயில்லை. அங்கே எழும்பவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. நல்ல நேரம் கழித்துக் கப்பல் சங்கு ஊதியது. மேசையில் கிளாஸ் நடுங்கியது. எல்லோரும் பழக்கத்தில் யன்னலைப் பார்த்தோம். யன்னலில் தகரம். அப்போதுதான் அன்ரன் கையை எடுத்தான். எடுத்து, சூடேறின பீரை ஒரே மிடறில் குடித்தான்.

ஐந்து மணிக்குக் குணம் அண்ணை கதவைத் திறந்தார். வாசலில், எங்கள் ஊர் வீதிகளில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று நின்று சிகரெட் பெட்டி தின்றுகொண்டிருந்தது. அதற்கு அங்கால், படிக்கு வெளியே, நிசாம். அன்ரனின் பயணப் பையைக் குழந்தைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தான். சாம்பல்தீவில் மாலுமிப் புத்தகத்தோடு காத்திருந்த இன்னொருவனை ஒபீஸ் அவசர அவசரமாகப் பிடித்து ஏற்றிவிட்டதாம்.

"கை நோகத் தட்டினன் மச்சான். ஒருத்தனும் திறக்கல்ல."

அன்ரன் பையை வாங்கிக்கொண்டான். "கேக்கேல்ல நிசாம். அந்தக் கதவு அப்பிடிக் கதவு. உள்ளுக்கு ஒண்டும் கேக்கேல்ல" என்றான்.

நிசாம் என்னைப் பார்த்தான். நான் மானைப் பார்த்தேன்.

அந்தக் கதவுக் கதை அன்று தொடங்கியது. அன்ரனுக்கு ஐஸ் பக்டரியில் வேலை கிடைத்தது, கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். யார் கண்டாலும், "அந்தக் கதவு மட்டும் அண்டைக்குத் திறந்திருந்தா, நான் இப்ப எங்கயோ" என்பான். சாம்பல்தீவுப் பெடியன் கப்பல் கப்பலாக ஏறி மாடி வீடு கட்டிவிட்டான். பஸ்ஸில் அந்த வீட்டைக் கடக்கிறபோது அன்ரன் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எனக்கு நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். அவன் ஏன் என் கையைப் பிடித்தான் என்று நான் கேட்டதுமில்லை, அவன் சொன்னதுமில்லை.

நிசாமுக்குத்தான் அது முள்ளாய்க் கிடந்தது. "நான் பிழை விட்டுட்டன் மச்சான். தகரத்துக்குள்ள ஒருநாள் ஒரு சோடா குடிச்சிருந்தாலும் என்ட குரல் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பெரிய பாவம் தொடாத வலியுல்லா மாதிரி வெளிய நிண்டன்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டு போனால் அன்ரன் வீட்டுக்குத்தான் முதல் கொண்டுபோவான். அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். இருந்தும் வாயைத் திறந்தேனா? இல்லை. சொன்னால் இருவரில் ஒருவன் எனக்குக் கூட்டாளியாக இல்லாமல் போவான், எவனென்றுதான் தெரியவில்லை.

மருமகனுக்கு நான் சொன்னது கதவுக் கதைதான், ஊருக்குத் தெரிந்த பாதி. அவனுக்கு அது மெத்தப் பிடித்துவிட்டது. அந்தப் பாரை உடனே பார்க்கவேண்டுமென்று நின்றான். நிலாவெளிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனதே நிசாம்தான். இப்போது அவனிடம் வேன். அன்ரனுக்கும் போன் எடுத்துச் சொல்ல, அவன் மோட்டார் சைக்கிளில் துறைமுக வீதிக்கு வந்து சேர்ந்தான்.

தகரம் இல்லை. நானும் அந்தப் பக்கம் போய்க் கன நாள். சுவர் இல்லை, கூரை இல்லை, சீமெந்துத் தரையில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். கதவைப் பழைய பலகை வாங்குகிறவர்கள் கொண்டுபோய்விட்டார்களாம். குணம் அண்ணை மகளோடு மட்டக்களப்பில் போய் இருக்கிறாராம். தகரம் அடித்த யன்னல் இருந்த இடத்தால் துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. தண்ணீர் பளபளவென்று கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டிருந்தது.

"அங்கிள், அந்தக் கதவு எவடத்தில இருந்தது?" என்று மருமகன் கேட்டான்.

அன்ரன் வழக்கம்போலக் கையை நீட்டினான். நீட்டின கை அப்படியே நின்றது. காட்ட ஒன்றுமில்லை. கையை மெல்ல இறக்கிவிட்டுக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினான். முகம் கறுத்திருந்தது.

"நீ சத்தம் போட்டிருக்கலாம்தானே" என்றான்.

நான் மணிக்கட்டை அவனுக்கு முன்னால் நீட்டினேன். "நீயல்லோ என்ர கையைப் பிடிச்சனீ?"

"பிடிச்சது கையைத்தானே. வாயில என்ன கொழுக்கட்டையே வைச்சிருந்தனீ? எனக்குத்தான் அண்டைக்குப் பயம். உனக்கென்ன வந்தது? அவன் அப்பிடிக் குழறேக்க, நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பனடா!"

வேனின் கதவைப் பிடித்தபடி நின்ற நிசாம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கோபம்கூட இல்லை அவன் முகத்தில். வழி கேட்கிற ஆள் மாதிரி, மெதுவாகக் கேட்டான்.

"அப்ப, நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதா மச்சான்?"

நானும் அன்ரனும் அன்றைக்குப் போலவே மூச்சு விடாமல் நின்றோம். அன்றைக்கு நடுவில் ஒரு கதவாவது இருந்தது.